"பழகிப்போச்சு" என்கிறார், நிஜமாகவே பழகுமா?

கேள்வி:

டாக்டர், எங்களுக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம். பத்து வருசமாக உடும்பன்சோலையில் ஒரு ஏலத்தோட்டத்து லயத்தில் குடியிருக்கிறோம். நான் காய் எடுக்கப் போகிறேன். என் வீட்டுக்காரர் மருந்தடிக்கிறார். டிரம்மில் மருந்து கலந்து, மோட்டார் போட்டு, ஓஸ் இழுத்து அடிக்கிற வேலை. அடித்த அன்று சாயங்காலம் தலைவலி என்று சுருண்டு படுத்துவிடுவார். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். "கண்ணு மங்குது, பல்பைச் சுத்திப் புகை மாதிரி தெரியுது" என்பார். முன்பெல்லாம் வாந்தியும் எடுப்பார். இப்போது அது இல்லை. "பழகிப்போச்சு, உடம்பு ஏத்துக்கிச்சு" என்கிறார். அவர் சட்டையை நான்தான் துவைக்கிறேன். எத்தனை தடவை கசக்கினாலும் வாடை போவதில்லை.

டப்பாவில் குயினால்பாஸ் என்று போட்டிருக்கிறது. காலி டப்பா ஒன்றை வீட்டில் வைத்திருக்கிறோம், சின்னவள் அதில்தான் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். என் தம்பி பாலக்காட்டில், முதலமடை மாந்தோப்பில் வேலை செய்கிறான். அங்கே கடையில் விற்காத மருந்தை எல்லை தாண்டிப் போய் வாங்கிவந்து அடிக்கிறார்களாம். அதுதான் வேகம் என்கிறான். இது மருந்தா, விஷமா? உடம்புக்குள் போய் என்ன செய்கிறது? உண்மையிலேயே பழகுமா? இன்னும் 15 நாளில் அடுத்த சுற்று வருகிறது. அவரை அனுப்பலாமா?

— பெயர் வெளியிட வேண்டாம், உடும்பன்சோலை

பதில்:

அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அனுப்ப வேண்டாம். ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கும்வரை அவர் மருந்து கலக்க வேண்டாம், ஓஸ் பிடிக்க வேண்டாம், மருந்தடித்து ஈரம் காயாத காட்டுக்குள் நுழையவும் வேண்டாம். ஏன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன். இதை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

மருந்தா விஷமா என்று கேட்டீர்கள். டப்பாவின் லேபிளிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. கோணலாக நிற்கும் ஒரு சதுரம் போட்டிருப்பார்கள். அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறம் இருக்கும். சிவப்பு மிகக் கொடியது, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. குயினால்பாஸ் மஞ்சள். சிவப்பில் மண்டை ஓடு இருக்கும், மஞ்சளில் இருக்காது. அதைப் பார்த்துவிட்டு மஞ்சள் பரவாயில்லை என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். ஆனால் மஞ்சளுக்கு மேலேயும் 'விஷம்' என்றுதான் அச்சடித்திருக்கிறது. மருந்து என்ற சொல் நம் வாயில் பழகிவிட்டதே தவிர, அந்தச் சதுரத்துக்குள் அந்தச் சொல் கிடையாது.

இப்போது உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். உங்கள் அப்பாவோ தாத்தாவோ வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியதைப் பார்த்திருப்பீர்கள். மடையைத் திறந்து தண்ணீர் விட்டால், வேண்டிய மட்டும் பாய்ந்ததும் அடைத்துவிட வேண்டும். நம் நரம்பும் அப்படித்தான் வேலை செய்கிறது. கையை மடக்கு என்று நரம்பு தசைக்குச் சொல்ல வேண்டுமானால், நுனியில் அசிட்டைல்கோலின் என்ற ஒரு பொருளைச் சுரக்கும். தசை அதை வாங்கிக்கொண்டு மடங்கும். வேலை முடிந்த கணமே அந்தப் பொருளை உடைத்துப் போட ஒரு நொதி அங்கேயே காத்திருக்கிறது. அதன் பெயர் கோலினெஸ்டரேஸ். மடையை அடைக்கிற ஆள் அதுதான். குயினால்பாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து உடம்புக்குள் போனால் அந்த ஆளின் கையைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. அப்புறம் திறந்த மடை திறந்தபடியே கிடக்கும். உமிழ்நீர்ச் சுரப்பி சுரந்துகொண்டே இருக்கும். கண்ணின் பாப்பா சுருங்கிச் சுருங்கி ஊசிமுனையளவு ஆகிவிடும். அதனால்தான் அவருக்கு மாலையில் கண் மங்குகிறது. நுரையீரலுக்குள் சளி நீர் கோக்கும், குடல் முறுக்கும், இமையும் ஆடுசதையும் தானாகத் துடிக்கும். ஏலக்காயைச் சுரண்டும் இலைப்பேனுக்கும் நம் வீட்டு ஆளுக்கும் இந்த நொதி பொதுவானது. பூச்சியைக் கொல்வதும் மனிதனை வீழ்த்துவதும் ஒரே வழியில்தான். அளவில்தான் வித்தியாசம்.

இந்த வகை மருந்தைக் கண்டுபிடித்த கதையும் அந்த உறவைத்தான் காட்டுகிறது. ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் பூச்சிக்கொல்லி தேடிக்கொண்டிருந்தார். 1936இல் அவர் கைக்கு வந்தது டாபுன். அதை ராணுவம் போர் விஷமாக எடுத்துக்கொண்டது. அடுத்து வந்தது சாரின். 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் ஆட்களைக் கொன்ற விஷம் அதுதான். அதே ஆராய்ச்சியில் 1944 வாக்கில் பிறந்த பாரத்தியான் விவசாயத்துக்கு வந்தது. இன்று கடையில் இருக்கும் குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ், டைமெத்தோயேட் எல்லாம் அந்தக் குடும்பத்தின் வாரிசுகள்.

இந்தக் குடும்பத்து மருந்துகள் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பாஸ்பரஸ் அணு இருக்கிறது. குயினால்பாஸில் அந்த அணுவோடு ஒரு கந்தக அணு ஒட்டியிருக்கும். அந்த உருவத்தில் அதற்கு அவ்வளவு வீரியம் இல்லை. கல்லீரலுக்குப் போனதும் கந்தகத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஆக்சிஜனை மாட்டுகிறது நம் உடம்பு. நச்சை வெளியேற்றத்தான் கல்லீரல் முயல்கிறது. ஆனால் இந்தப் பொருளில் அந்த முயற்சியே விஷத்தைத் தீட்டிக் கொடுத்துவிடுகிறது. காலையில் அடிக்கும்போது ஒன்றும் தெரியாமல் சாயங்காலம் தலை வலிப்பதற்கு இது ஒரு காரணம். கேரளம் தடை செய்த மோனோகுரோட்டோபாஸில் ஆக்சிஜன் ஏற்கெனவே மாட்டியிருக்கிறது. கல்லீரலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, உள்ளே போனதும் வேலையைத் தொடங்கிவிடும். உங்கள் தம்பி "வேகம்" என்று சொன்னாரே, அந்த வேகம் பூச்சிக்கு மட்டும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. பழகுமா?

அடையாளங்கள் பழகும், விஷம் பழகாது. நரம்பின் செய்தியை வாங்கிக்கொள்ளும் வாயில்கள் தசையிலும் சுரப்பியிலும் இருக்கின்றன. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் செய்தி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், உடம்பு அந்த வாயில்களில் சிலவற்றை மூடிக்கொள்கிறது. அதனால் வாந்தி நிற்கும், வயிற்று முறுக்கல் குறையும். ஆனால் கட்டிப்போட்ட நொதி கட்டிப்போட்டபடியேதான் இருக்கிறது. ரத்தத்தில் அளந்தால் பாதியாகக் கூட இறங்கியிருக்கும், ஆள் நடமாடிக்கொண்டிருப்பார். முன்பு வாந்தி வந்தபோது அவரிடம் கையிருப்பு இருந்தது. இப்போது வாந்தி நின்றிருப்பது அந்தக் கையிருப்பு கரைந்ததால்கூட இருக்கலாம். இந்த நிலையில் ஒரு நாள் ஓஸ் பிய்த்துக்கொண்டு மருந்து மேலே கொட்டினால், மற்றவர் தாங்குகிற அளவை அவர் தாங்க மாட்டார். எனக்குப் பயம் தருவது அவருடைய தலைவலியை விட, வாந்தி நின்றுவிட்டது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சிவப்பணுவில் இருக்கும் இந்த நொதி ஒருமுறை நிரந்தரமாகக் கெட்டுவிட்டால் மறுபடி உயிர் பெறாது. புதுச் சிவப்பணு பிறந்துதான் ஈடுகட்ட வேண்டும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஆகவே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 சதவீதம்தான் திரும்பும். ஒரு சுற்று மருந்தடிப்பில் 30 சதவீதம் இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். நிமிர ஒரு மாதம் வேண்டும். 20 நாளில் அடுத்த சுற்று வந்தால், 10 சதவீதக் கடனோடு மறுபடி இறங்குகிறார். அடுத்த சுற்றில் கடன் 20. ஏலத்தில் மழை விட்ட மாதங்களில் சுற்று எப்படி நெருங்கி வருகிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். காயில் சொறி விழுந்தால் விலை போகாது, தண்டு துளைப்பான் இறங்கினால் குருத்தே காயும், அதனால் பூச்சி இருக்கிறதோ இல்லையோ நாள் வந்தால் அடித்துவிடுகிறார்கள். ஏலப்பூவில் மகரந்தம் சேர்க்கும் தேனீயும் இதில் சாகிறது என்பது தோட்டக்காரர்களே யோசிக்க வேண்டிய இன்னொரு நஷ்டம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 1974 முதல் ஒரு நடைமுறை இருக்கிறது. மருந்தடிப்பவருக்கு வேலை தொடங்கும் முன்பே ரத்தத்தில் நொதி அளவை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். பிறகு சிவப்பணு நொதி அந்த அளவில் 70 சதவீதத்துக்கு இறங்கினால் அவரை மருந்து வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும். 80 சதவீதத்துக்கு ஏறிய பிறகுதான் திரும்ப விடலாம். ஏதோ பணக்கார நாட்டுச் சட்டம் என்று நினைக்காதீர்கள். நம் நாட்டுப் பூச்சிக்கொல்லி விதிகளிலும் இது இருக்கிறது. 1971இல் வந்த விதிகளில் 37ஆவது விதியைப் பாருங்கள். மருந்தடிப்பவர்களை வேலைக்கு எடுக்கும் முன்பும், பிறகு ஆண்டுதோறும் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், ஆர்கனோபாஸ்பேட்டைக் கையாள்பவர்களுக்கு மாதம் ஒருமுறையாவது ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் பார்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. 50 வருடத்துக்கு மேலாக ஏட்டில் இருக்கும் விதி. என்னிடம் வந்த ஏலத்தோட்டத் தொழிலாளர்களில் ஒருவர்கூட அப்படி ஒரு பரிசோதனை இருப்பதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பிரசாதத்தில் சேர்த்த ஏலக்காயில் மருந்து எச்சம் இருப்பதாகச் சொல்லிக் கேரள உயர் நீதிமன்றம் அரவணை விற்பனையை நிறுத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஏலக்காயை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள், நல்லதுதான். அதற்கு மருந்தடித்தவரின் ரத்தத்தையும் அனுப்ப வேண்டும் என்று ஒரு குரல்கூட எழவில்லையே என்று அன்று மனசு வலித்தது.

விஷம் எந்த வழியாகப் போகிறது? மூக்கு வழியாக என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், துண்டை எடுத்து வாயைக் கட்டிக்கொள்கிறார்கள். பெரும்பகுதி போவது தோல் வழியாக. ஏலத்தட்டை ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது, காய்ச்சரம் தூரில் இருக்கிறது. தூரைப் பார்த்து அடித்துக்கொண்டே நனைந்த இலைகளை விலக்கி நடக்க வேண்டும். நிழல் மரத்துக்குக் கீழே காற்றும் அசையாது. அரை மணி நேரத்தில் சட்டை, லுங்கி எல்லாம் மருந்தில் ஊறிவிடும். தோலிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. பாரத்தியானை வைத்துச் செய்த பழைய ஆய்வில், முன்கைத் தோல் உறிஞ்சியதைப் போல் நெற்றி நாலு மடங்கு, அக்குள் ஏழு மடங்கு, விதைப்பை பத்து மடங்குக்கும் மேலாக உறிஞ்சியது. கையுறை போட்டுக்கொண்டு இடுப்புக்குக் கீழே ஈர லுங்கியோடு மாலைவரை நின்றால் என்ன பயன், சொல்லுங்கள். மலைக் குளிரில் முழு மழைக்கோட்டும், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் போட முடியும். மருந்தைக் கையாள்பவருக்குப் பாதுகாப்பு உடை வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது, தோட்டத்துக்காரரிடம் கேட்க உங்கள் வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓஸ் முனையில் இருக்கும் நாசில் அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதுகிற பழக்கம் இருக்கிறது. அது நேரே விஷத்தை உறிஞ்சுவதற்குச் சமம். ஒரு துடைப்பக்குச்சியைப் பையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பீடியோ வெற்றிலையோ சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான்.

முதலமடையில் கதை தலைகீழ். மாமரத்தை அண்ணாந்து பார்த்து அடிக்கிறார்கள், திவலை முகத்திலும் கழுத்திலும் இறங்குகிறது. அங்கே வெயிலும் வேர்வையும் சேர்ந்து தோல் இன்னும் சீக்கிரம் குடிக்கும். 2011இல் கேரளம் மோனோகுரோட்டோபாஸ், போரேட், மெத்தில் பாரத்தியான், ட்ரையசோபாஸ், புரோபெனோபாஸ் முதலியவற்றைத் தடை செய்தது. எண்டோசல்பானால் காசர்கோடு பட்ட பாட்டுக்குப் பிறகு வந்த முடிவு அது. எண்டோசல்பான் வேறு குடும்பம், மண்ணில் நாள்பட நிற்கும். இவை சீக்கிரம் சிதைந்துவிடும், ஆனால் அடித்த அன்றைக்கே ஆளைச் சாய்க்கும் வீரியம் இவற்றில் சிலவற்றுக்கு அதிகம். எல்லைக்கு அந்தப் பக்கம் தடை, இந்தப் பக்கம் கடை என்பதால் கோவிந்தாபுரம், வேலந்தாவளம், கம்பமெட்டு, போடிமெட்டு என்று எல்லா வழியிலும் பையில் வைத்துக் கொண்டுபோனார்கள். பிறகு மத்திய அரசும் இவற்றில் சிலவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தியது. போரேட்டும் ட்ரையசோபாஸும் 2020 கடைசியோடு முடிந்தன. மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்.எல். இருப்பை விற்க 2024 செப்டம்பர் வரைதான் அவகாசம் கொடுத்தார்கள். ஆகவே அதை இன்று யாராவது விற்றால் இரண்டு பக்கமும் குற்றம்தான். குயினால்பாஸ் 2020 மே மாதம் வந்த 27 மருந்துகளின் வரைவுத் தடைப் பட்டியலில் இருந்தது. 2023 இறுதி ஆணை அதை முழுவதுமாகத் தடை செய்யவில்லை, ஏலம் உள்ளிட்ட சில பயிர்களில் அடிப்பதை மட்டும் தடை செய்தது. அதனால் மற்றப் பயிர்களுக்கு என்று சட்டப்படி விற்கிறார்கள், ஏலத்தில் அடிக்கக் கூடாது. சட்டப்படி விற்கிறார்கள் என்பதால் அதை ஆபத்தில்லாதது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் நீங்கள் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். அடித்துவிட்டு வந்த மாலை, மங்கிய வெளிச்சத்தில் அவர் கண்ணையும் உங்கள் மகள் கண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழந்தையின் பாப்பா நன்றாக விரிந்திருக்கும். அவருடையது கடுகளவு சுருங்கியிருந்தால், இமை தானாகத் துடித்தால், மூச்சு இழுத்தால், காத்திருக்காதீர்கள். உடுப்பை முழுவதும் களைந்து, தலைமுடி, நகக்கண் உட்பட சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுங்கள். நீங்கள் கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு செய்யுங்கள். 108ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். சாணிக் கரைசல், உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் எதுவும் கொடுக்க வேண்டாம், அவை நுரையீரலுக்குள் போய்ச் செத்தவர்கள் உண்டு. நினைவு தவறினால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். டப்பாவையோ லேபிளையோ கையோடு கொண்டுபோங்கள். மருத்துவமனையில் அட்ரோபின் ஊசியை நெஞ்சில் சளிச் சத்தம் அடங்கும்வரை திரும்பத் திரும்பப் போடுவார்கள். கட்டுண்ட நொதியை விடுவிக்க ப்ராலிடாக்சிம் என்று ஒன்று உண்டு. வேலூர் சி.எம்.சி.யிலும் இலங்கையிலும் நடந்த ஆய்வுகளில் அதற்குத் தெளிவான பலன் தெரியவில்லை. அட்ரோபினும் ஆக்சிஜனும் நேரத்தோடு கிடைப்பதுதான் உயிரைக் காக்கும்.

தேறிவிட்டார் என்று இரண்டாம் நாளே கையெழுத்துப் போட்டு அழைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். என் பார்வையில் இருந்த ஒருவர் முதல் இரண்டு நாளும் நன்றாகப் பேசினார், இட்லி சாப்பிட்டார். மூன்றாம் நாள் காலை தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. கழுத்துத் தசை முதலில் சோர்ந்தது, மதியத்துக்குள் மூச்சுத் தசையும் சோர்ந்தது. வென்டிலேட்டரில் பத்து நாள் இருந்து பிழைத்தார். இதை 1987இல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர்கள் இலங்கை மருத்துவர்கள் சேனநாயக்கவும் கரல்லியத்தவும். விஷம் உள்ளே போன 24 மணி நேரத்துக்கும் 96 மணி நேரத்துக்கும் இடையில் இது வரும். அந்த நாலு நாளும் ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது. க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, இடுக்கி மருத்துவக் கல்லூரிக்கோ போய், என்ன மருந்து, எத்தனை வருடமாக அடிக்கிறார் என்று சொல்லி, கோலினெஸ்டரேஸ் பரிசோதனை வேண்டும் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் இயல்பான அளவு வேறு என்பதால் ஒரு பரிசோதனையில் முடிவு சொல்ல முடியாது. இரண்டு மாதம் மருந்துப் பக்கமே போகாமல் இருந்து மறுபடி எடுக்க வேண்டும். அளவு ஏறியிருந்தால், முன்பு எவ்வளவு இறங்கியிருந்தது என்பது அதிலேயே தெரிந்துவிடும். அதுவரை களை, பாத்தி, உலர்த்தும் ஸ்டோர் என்று வேறு வேலை கேளுங்கள். கூலி குறையும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.

அவர் உடுப்பை மற்றத் துணிகளோடு சேர்க்காதீர்கள். வீட்டுக்குள் வரும் முன்பே கழற்றித் தனி வாளியில் போடச் சொல்லுங்கள். கையுறை மாட்டிக்கொண்டு, சோப்புப் போட்டு இரண்டு முறை துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். காய் எடுக்கிற நீங்களும், மருந்தடித்த ஈரம் காயாத காட்டுக்குள் கங்காணி போகச் சொன்னாலும் போகாதீர்கள். வீட்டில் மிச்ச மருந்து இருந்தால் தோட்டத்து ஸ்டோரில் பூட்டி வைக்கக் கொடுத்துவிடுங்கள். லயத்தில் ஒரு கோபத்தில், ஒரு சண்டையில் கைக்கு எட்டுகிற இடத்தில் அது இருக்கக் கூடாது. இலங்கையில் 1995இல் மோனோகுரோட்டோபாஸ் போன்ற கொடிய மருந்துகளை நிறுத்திய பிறகு, பத்தாண்டில் தற்கொலை விகிதமே பாதியாகக் குறைந்தது.

கடைசியாக அந்த டப்பா. 2013 ஜூலையில் பீகார் சாப்ரா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. மருந்து இருந்த டப்பாவில் எண்ணெயை வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் சுவர் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், எத்தனை கழுவினாலும் முழுதாகப் போகாது. சின்னவள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் அதை எடுத்து, அடியில் ஆணியால் நாலைந்து ஓட்டை போட்டு, தோட்டத்து ஸ்டோரில் காலி டப்பாக்களோடு போட்டுவிடுங்கள். ரோஜாவுக்கு ஊற்ற அவளுக்கு ஒரு புதுக் குவளை வாங்கிக் கொடுங்கள்.